ஒரே ஒரு முழுப் பட்டை: 51 துண்டுகள் கொண்ட பின்னப் பெட்டி பற்றிய மதிப்பீடு

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பின்னங்களைக் கற்பிப்பதற்கென்று விற்கப்படும் வண்ணப் பட்டைப் பெட்டிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, நிறம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, விளிம்பு கையைக் கிழிக்கவில்லை, மூடி உறுதியாகப் பொருந்துகிறது என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அவையும் தெரிந்துகொள்ள வேண்டியவைதாம். ஆனால் இப்படியொரு பெட்டியைப் பணம் கொடுத்து வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வகுத்தலில் "மீதி 2" என்று எழுதிப் பழகிய குழந்தைக்கு, அந்த மீதியே அடுத்த வகுப்பில் கலப்பு பின்னத்தின் (முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த 1¾ போன்றதன்) பின்னப் பகுதியாக வந்து நிற்பது எப்படி என்று புரிய இது உதவுகிறதா? ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளோடு உட்கார்ந்து, இந்த ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் பெட்டியை நன்றாகவே பயன்படுத்திப் பார்த்தேன். ஒற்றைப் பெட்டியாக அது உதவவில்லை. இரண்டு பெட்டிகளாக வைத்துக்கொண்டபோது, ஓரிடத்தில் மட்டும், நான் பார்த்த வேறெந்தக் கருவியும் தராத தெளிவைத் தந்தது. உடன் வரும் கையேட்டைப் பிரிக்காமலே எடுத்து வைத்துவிடலாம்.

பெட்டியில் இருப்பவை 51 பட்டைகள். முழு ஒன்று, அரை இரண்டு, மூன்றில் ஒரு பங்கு மூன்று, கால் நான்கு, பிறகு ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற வரிசையில் அந்தந்தப் பங்குக்குரிய எண்ணிக்கையில் துண்டுகள். ஆக ஒன்பது நீளங்கள், ஒன்பது நிறங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் பின்னம் அச்சிடப்பட்டிருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்கள் பிளாஸ்டிக்கிலும், நுரை அட்டையிலும், காந்தம் ஒட்டியும் இதே 51 துண்டுகளை விற்கின்றன. ஏறக்குறைய ஒரு பொது வார்ப்பாகவே இது நிலைபெற்றுவிட்டது. ஆகவே இங்கே சொல்லப்படுவது எந்த ஒரு நிறுவனத்தின் பெட்டியைப் பற்றியும் அல்ல, அந்த வார்ப்பைப் பற்றியது.

உற்பத்தித் தரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை போதும். பன்னிரண்டு சிறு துண்டுகளையும் இடைவெளியில்லாமல் வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் முழுப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிகை இருந்தால், பன்னிரண்டும் சேரும்போது அது கண்ணுக்குத் தெரியும் நீட்டமாகிவிடும். நான் வாங்கியவற்றில் ஒரு பெட்டியில் அப்படித்தான் இருந்தது. பெரியவர்களுக்கு அது அற்பம். "12/12 என்பது 1ஐவிடக் கொஞ்சம் பெரியது" என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் குழந்தைக்கு அது அற்பமன்று.

ஒன்றுக்கு உட்பட்ட பின்னங்களில் இந்தப் பெட்டியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. அரைப் பட்டைக்குக் கீழே இரண்டு கால், மூன்று ஆறில் ஒன்று, நான்கு எட்டில் ஒன்று என்று அடுக்கும்போது சமான பின்னங்கள் தாமாகவே வெளிப்படுகின்றன. ⅔ பெரியதா ¾ பெரியதா என்ற கேள்விக்கு விடை ஒரு பார்வையில் கிடைக்கிறது. வித்தியாசம் சரியாக ஒரு பன்னிரண்டில் ஒன்று என்பதையும் அந்தச் சிறு துண்டைச் செருகிக் காட்டிவிடலாம். ⅖, ⅜ போன்ற இணைகளில் மட்டும் கண் தடுமாறுகிறது. அவற்றின் வித்தியாசம் முழு நீளத்தில் 40இல் ஒரு பங்குதான். அதை அளக்கும் துண்டு பெட்டியில் இல்லை. ஏழில் ஒரு பங்கும் ஒன்பதில் ஒரு பங்கும் இல்லாததைப் பெரிய குறையாக நான் கருதவில்லை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. முழுப் பட்டை ஒன்றே ஒன்று. கால் பட்டைகள் நான்கே நான்கு. அதாவது ஒவ்வொரு நிறமும் சேர்ந்து ஒன்றாகும் அளவுக்கு மேல் ஒரு துண்டுகூட இந்தப் பெட்டியில் கிடையாது. 7/4 என்ற தகா பின்னத்தை அடுக்கிக் காட்டு என்று கேட்டபோது, அந்தப் பெண் நான்கு கால் பட்டைகளையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியின் அந்த அறையைக் கவிழ்த்துக்கூடப் பார்த்துவிட்டு, "நாலுதானே சித்தி இருக்கு, ஏழு எப்படி எடுக்கிறது? கணக்கு தப்பா இருக்கு" என்றாள். பெட்டியை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது முற்றிலும் நியாயம். நான்கு துண்டுகளாக வெட்டிய ஒன்றிலிருந்து ஏழு துண்டுகளை எடுக்க முடியாது என்ற முடிவுக்கு இந்தப் பெட்டியே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பின்னம் என்றால் ஒரு பொருளின் பகுதி, பகுதி முழுமையைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்ற எண்ணம் குழந்தைகளிடம் ஏற்கெனவே உண்டு. அதைத் தளர்த்த வேண்டிய கருவி, பிளாஸ்டிக்கில் வார்த்து இறுக்கிவிடுகிறது. கால் என்பது ஓர் அலகு, ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைப் போலவே கால்களையும் ஏழு, எட்டு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் வந்தால்தான் தகா பின்னத்திலிருந்து கலப்பு பின்னத்துக்குப் போகும் வழி திறக்கும். அதற்குத் தேவைப்படுவது நான்கைவிட அதிகமான கால்கள், வேறொன்றுமில்லை.

இதற்காகவே இரண்டாவது பெட்டி வாங்கினேன். இப்போது எட்டுக் கால்கள், இரண்டு முழுப் பட்டைகள். ஏழு கால்களை வரிசையாக வைத்து, மேலே முழுப் பட்டைகளை வைக்கத் தொடங்கினால், முதல் முழுப் பட்டை நான்கு கால்களை மூடிக்கொள்கிறது. இரண்டாவதை வைத்தால் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஒரு முழுமை, மூன்று கால்கள் மீதம்: 1¾. இதே வேலையை எண்களால் செய்தால் 7ஐ 4ஆல் வகுக்கிறோம்; ஈவு 1, மீதி 3. பட்டைகளில் மீந்து நின்றவையும் மூன்று, வகுத்தலில் வந்த மீதியும் மூன்று. இரண்டும் ஒன்றுதான் என்பதை அவள் கேட்காமலே சொன்னாள். இரண்டு பெட்டிகளுக்கு நான் கொடுத்த பணத்தை இந்த இடம் பெருமளவுக்கு நியாயப்படுத்திவிட்டது.

இனி கையேடு. கலப்பு பின்னத்துக்கென்று அதில் ஒரே ஒரு பக்கம். "வகுத்தலில் கிடைக்கும் ஈவை முழு எண்ணாகவும், மீதியைத் தொகுதியாகவும், வகு எண்ணைப் பகுதியாகவும் எழுதுக" என்று ஒரு விதி, அதன் கீழே பத்துக் கணக்குகள். விதி சரியானதே. மீதி ஏன் வகு எண்ணின் மேல் போய் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை என்பதே என் குறை. இந்த "ஏன்" தெரியாத குழந்தை விதியை மூன்று நாள் நினைவில் வைத்திருந்து, நான்காம் நாள் 17 ÷ 5 என்பதற்கு 3.2 என்று எழுதும். ஈவு 3, மீதி 2, இரண்டையும் சேர்த்து எழுத ஒரு புள்ளி. குழந்தையின் பார்வையில் அதில் தவறு எதுவும் இல்லை. 32 ÷ 10 என்ற கணக்கில் அந்தக் குறுக்குவழி சரியான விடையையே தருகிறது என்பதால் இந்தப் பிழை எளிதில் போகாது. வகு எண் 10ஆக இருக்கும்போது மட்டும் மீதி அப்படியே பத்தில் ஒன்றாம் இடத்தில் போய் அமரும். வகு எண் 5ஆக இருந்தால் மீதி 2 என்பது ஐந்தில் இரண்டு, அதாவது பத்தில் நான்கு, ஆகவே 3.4.

கையேடு தொடாமல் விட்ட இடம் இதுதான்: "3, மீதி 2" என்பது ஓர் எண் அல்ல. 17ஐ 5ஆல் வகுத்தாலும் ஈவு 3, மீதி 2. 11ஐ 3ஆல் வகுத்தாலும் ஈவு 3, மீதி 2. எழுதி வைத்தால் இரண்டு விடைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனால் முதலாவது 3⅖, இரண்டாவது 3⅔. இரண்டாவது நிச்சயமாகப் பெரியது. மறுபுறம், 34ஐ 10ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 4. 17 ÷ 5 என்பதோடு ஒப்பிட்டால் மீதி வேறு, மதிப்போ ஒன்றுதான். ஆகவே மீதி என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எதைக் கொண்டு அளந்தபோது அது மீந்தது என்பதையும் கூடவே சொன்னால்தான் அது எவ்வளவு என்று தெரியும். மீதியின் கீழே வகு எண்ணை எழுதுவது அதைச் சொல்வதற்காகத்தான். கலப்பு பின்னத்திலிருந்து தகா பின்னத்துக்குத் திரும்பும்போது, 3ஐ 5ஆல் பெருக்கி 2ஐக் கூட்டி 17 என்று எழுதுகிறோமே, அது வகுத்தலைச் சரிபார்ப்பதற்காகக் குழந்தை ஏற்கெனவே செய்துவரும் அதே கணக்கு: வகு எண்ணையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண். கையேடு இதைப் புதிய விதியாக இன்னொரு கட்டத்துக்குள் போட்டு அச்சிட்டிருக்கிறது. தெரிந்த ஒன்றையே புதிதாக மனப்பாடம் செய்ய வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த 3⅖, 3⅔ வேறுபாட்டைப் பின்னப் பெட்டியால் காட்ட முடியுமா என்றால், முடியாது. 17 ஐந்தில் ஒன்றுகள் வேண்டுமானால் நான்கு பெட்டிகள் வாங்க வேண்டும். அதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு: துண்டுகளின் மேல் பின்னம் அச்சிடப்பட்டிருக்கிறது. ⅕ என்று அச்சிட்ட துண்டு எப்போதும் ⅕தான். அதையே ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. மீதியின் பின்னமோ, எதை ஒன்று என்று எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தே மாறுவது.

இங்கேதான் குய்செனேர் கோல்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குய்செனேர் உருவாக்கிய இந்தக் கோல்களை, 1950களில் காலெப் கட்டெனோ என்ற கல்வியாளர் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றார். 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: வெள்ளை 1, சிவப்பு 2, வெளிர் பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5 என்று தொடங்கி, கரும்பச்சை, கறுப்பு, பழுப்பு, நீலம் ஆகியவற்றைக் கடந்து, ஆரஞ்சு 10இல் முடிகிறது. எந்தக் கோலின் மேலும் எண் எதுவும் எழுதப்பட்டிருக்காது. பின்னப் பெட்டியோடு ஒப்பிடும்போது இந்த வெறுமையே அதன் பலம்.

ஆரஞ்சையும் கறுப்பையும் நீளவாக்கில் சேர்த்து வைத்தால் 17. அதன் கீழே மஞ்சள் கோல்களை வைத்துக்கொண்டே போனால் மூன்று மஞ்சள் அடங்கும். மிச்சமுள்ள இடத்தில் ஒரு சிவப்பு சரியாகப் பொருந்தும். அடுத்து ஆரஞ்சையும் வெள்ளையையும் சேர்த்து 11 ஆக்கி, கீழே வெளிர் பச்சைக் கோல்களை வைத்தால் அங்கும் மூன்று அடங்கும்; மிச்சத்தில் அங்கும் அதே சிவப்பு. இப்போது அந்தச் சிவப்பை எடுத்து முதலில் மஞ்சளின் பக்கத்திலும் பிறகு வெளிர் பச்சையின் பக்கத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளின் பக்கத்தில் அது பாதிக்கும் குறைவு; வெளிர் பச்சையின் பக்கத்தில் பாதிக்கும் மேல். மீதி மாறவில்லை, அளவுகோல் மாறியது, ஆகவே பின்னம் மாறியது. 34 ÷ 10 என்பதையும் இப்படியே காட்டலாம்: மஞ்சள் இருந்த இடத்தில் ஆரஞ்சு, சிவப்பு இருந்த இடத்தில் ஊதா, எல்லாம் இரட்டிப்பான அதே படம். 4/10ஐ ⅖ என்று சுருக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் கோல்களையே வாங்கிவிடலாமே, பட்டைப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். கோல்களுக்கும் குறை உண்டு. எண் எழுதப்படாததால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் குழந்தை அதைக் கொண்டு கோபுரம்தான் கட்டும். பின்னத்தின் எழுத்து வடிவம் எங்கும் கண்ணில் படாததால், பார்த்ததைத் தாளில் எழுதும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. மூன்றாவது குறை, ஓர் அலகைப் பங்கிட்டு உடைக்கும் அனுபவத்தைக் கோல்கள் அவ்வளவாகத் தருவதில்லை. இந்த மூன்றாவதில் பட்டைப் பெட்டி மேலானது. கழித்தலில் இது நன்றாகத் தெரிகிறது. 2¼ − ¾ என்ற கணக்கைத் தாளில் செய்யும் குழந்தைகளில் பலர், காலிலிருந்து முக்காலைக் கழிக்க முடியாமல் பக்கத்து 2இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி, பழக்கதோஷத்தால் அதைப் பத்தாகக் கருதி, 11/4 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்யும்போது அந்தப் பிழைக்கே இடமில்லை. ஒரு முழுப் பட்டையைக் கொடுத்து அதற்கு ஈடாகக் கால் பட்டைகளை வாங்கும்போது, நான்கு வைத்தால்தான் நீளம் பொருந்துகிறது. பத்துக் கால்களைத் தேடினாலும் கிடைக்காது. ஒரு முழுமையும் ஐந்து கால்களும் கையில் இருக்கின்றன. மூன்றை எடுத்துவிட்டால் ஒன்றரை.

பட்டைப் பெட்டியின் உச்சம் என்று நான் கருதுவது, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் இடம். கையேடு இதைக் குறிப்பிடவே இல்லை. செய்தவர்களுக்கே இது தெரியாதோ என்றுகூடத் தோன்றுகிறது. 1¾ ÷ ½ என்பதை எடுத்துக்கொள்வோம். 1¾இல் எத்தனை அரைகள் அடங்கும் என்பதே கேள்வி. ஒரு முழுப் பட்டையையும் மூன்று கால் பட்டைகளையும் வரிசையாக வைத்து, கீழே அரைப் பட்டைகளை அடுக்கினால், மூன்று அரைகள் போன பிறகு கால் நீளத்துக்கு ஓரிடம் மிஞ்சுகிறது. அவள் உடனே "மூணு, மீதி கால், அப்ப மூணேகால்" என்றாள். பெரியவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதே விடைதான் வரும். தலைகீழாக்கிப் பெருக்கும் விதியைப் பயன்படுத்தினால் 7/4 × 2 = 14/4, அதாவது 3½. கண் முன்னே மீந்திருப்பது கால். விடையில் இருப்பதோ அரை. இரண்டில் எது சரி?

இரண்டும் சரி என்பதே இதன் அழகு. மீந்திருப்பது முழுப் பட்டையின் கால்தான். ஆனால் நாம் எண்ணிக்கொண்டிருந்தது அரைப் பட்டைகளை. "எத்தனை அரைகள்?" என்ற கேள்விக்கான விடையில், மீந்த துண்டையும் அரைப் பட்டையால்தான் அளக்க வேண்டும். கால் பட்டையை எடுத்து அரைப் பட்டையின் மேல் வைத்தால் அது சரியாக அதில் பாதி. ஆகவே மூன்று அரைகளும் இன்னோர் அரையின் பாதியும்: 3½. மூணேகால் தவறு என்பதற்குச் சாட்சியும் பெட்டியிலேயே கிடைக்கிறது. மூன்று அரைகளோடு ஓர் அரையின் கால் பங்கை, அதாவது ⅛ துண்டு ஒன்றை, சேர்த்து வைத்துப் பாருங்கள். 1¾இன் முடிவை எட்டாமல் இன்னொரு ⅛ அளவுக்குக் குறைந்து நிற்கும்.

இதைவிட ஒரு படி மேலே உள்ள கணக்கு 2 ÷ ¾. இரண்டு முழுப் பட்டைகளின் கீழே மூன்று மூன்று கால்களாக வைத்தால் இரண்டு முறை அடங்கி, அரை நீளம் மிஞ்சுகிறது. "இரண்டு, மீதி அரை" என்று சொல்லலாம். ஆனால் அந்த அரை நீளத்தில் இரண்டு கால்கள் இருக்கின்றன. ஒரு முறைக்கு வேண்டியவை மூன்று கால்கள். ஆகவே அது முக்காலின் மூன்றில் இரண்டு, விடை 2⅔. இரண்டு பெட்டிகளின் எட்டுக் கால் பட்டைகளும் இந்தக் கணக்குக்குச் சரியாகப் போதுகின்றன. 17 ÷ 5இல் மீதி 2 என்பதைக் கீழே 5 போட்டு எழுதியதற்கும், இங்கே மீதி அரையை ⅔ என்று எழுதியதற்கும் காரணம் ஒன்றே: வகு எண்ணே அளவுகோல். முழு எண்களில் விதியாகக் கடந்துபோன ஒன்று, பின்னங்களில் வரும்போதுதான் தன் காரணத்தைக் காட்டுகிறது. இதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்ட அச்சிட்ட துண்டுகளும் நிலையான முழுமையும் தேவைப்பட்டன. குய்செனேர் கோல்களில் இதைச் செய்யப்போனால், முழு எது, அரை எது என்று ஒவ்வொரு முறையும் முதலில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெட்டியால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பங்கிடுதல் என்ற பொருளில் வகுத்தலை இது காட்டாது. ஏழு தாள் கீற்றுகளை நான்கு பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால், ஆளுக்கு ஒன்று போக மூன்று மிஞ்சும். அந்த மூன்றையும் நான்கு நான்காக மடித்து வெட்டினால் ஆளுக்கு மூன்று கால் கிடைக்கும். இதை அனுபவிக்க வெட்டக்கூடிய பொருள் வேண்டும். பிளாஸ்டிக் பட்டை வெட்டுப்படாது. ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும் என்பதால் இதைப் பெட்டியின் குறையாகப் பெரிதுபடுத்த மாட்டேன். கலப்பு பின்னங்களின் பெருக்கலும் இதன் எல்லைக்கு வெளியே. 2½ × 3½ என்பதை 2 × 3, ½ × ½ என்று தனித்தனியே பெருக்கி 6¼ என்று எழுதும் பிழையைத் திருத்த, நீளமும் அகலமும் உள்ள கட்டம் போட்ட தாள் வேண்டும். விடை 8¾ என்பதும், விட்டுப்போன 2½ எங்கே இருக்கிறது என்பதும் அதில் தெரியும்.

வட்ட வடிவப் பின்னத் தொகுதியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வட்டத்தில் முழுமை எது என்பது குழந்தைக்கு மறக்கவே மறக்காது. கால், அரை, முக்கால் ஆகியவற்றுக்கு அது நல்லது. ஆனால் இரண்டு வட்டங்களை ஒன்றோடொன்று நீட்டிச் சேர்க்க முடியாது. 1¾ என்பது ஒரு வட்டமும் குறைபட்ட இன்னொரு வட்டமுமாகப் பிரிந்தே நிற்கும். எண்கோட்டில் 1ஐக் கடந்து 2ஐ நோக்கிப் போகும் ஒரே நீளமாக அது தெரியாது.

கணிப்பான் ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பள்ளிக் குழந்தைகளுக்கென்று வெளியிட்ட டி.ஐ.-15 கணிப்பானில் வழக்கமான வகுத்தல் பொத்தானோடு, ஈவையும் மீதியையும் தனித்தனியே காட்டும் இன்னொரு வகுத்தல் பொத்தானும் உண்டு. கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாகவும், பின்னத்தைத் தசமமாகவும் மாற்றும் பொத்தான்களும் உண்டு. 17 ÷ 5 என்ற ஒரே கணக்கை அடுத்தடுத்து அழுத்தி, 3 மீதி 2, 3⅖, 17/5, 3.4 என்று நான்கு முகங்களையும் பார்ப்பது, 3.2 என்று எழுதும் குழந்தைக்கு நல்ல அதிர்ச்சி வைத்தியம். காரணத்தை அது சொல்லாது. காரணம் தெரிந்த பிறகு கொடுத்தால் பயன்படும்.

கையேட்டின் கணக்குகளைப் பற்றி இன்னும் ஒரு குறை உண்டு. என் பார்வையில் மற்றவற்றைவிட இதுவே கனமானது. பத்துக் கணக்குகளும் வெறும் எண்கள். மீதியைப் பின்னமாக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டிய ஒரு சூழல்கூட அவற்றில் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுக்கப்பட்டது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றே விடையாக எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் 31 என்றார்கள். 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தக் கையேட்டை மனப்பாடம் செய்த குழந்தை இந்தக் கணக்குக்கு 31⅓ என்று எழுதும். 12/36 என்பது ⅓ என்பதில் பிழையில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பேருந்தை யாரும் அனுப்ப முடியாது. அதே 1128ஐ மீட்டர் என்று வைத்து, அந்த நீளமுள்ள கயிற்றை 36 சம துண்டுகளாக வெட்டச் சொன்னால் ஒவ்வொரு துண்டும் 31⅓ மீட்டர். இங்கே பின்னமே சரியான விடை. 36 பொருள் கொள்ளும் பெட்டிகளில் 1128 பொருள்களை அடுக்கினால் நிரம்பிய பெட்டிகள் எத்தனை என்றால் 31. நிரம்பாத பெட்டியில் எத்தனை பொருள்கள் என்றால் 12. நான்கு கேள்விகள், நான்கு விடைகள், வகுத்தல் ஒன்றே. இப்படி நான்கு கேள்விகளை அச்சிட அரைப் பக்கம்கூட ஆகாது. அந்த இடத்தில் பட்டைகளைச் சுத்தம் செய்யும் முறை விளக்கப்பட்டிருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. குழந்தை ஒன்றுக்கு உட்பட்ட பின்னங்களைத்தான் படிக்கிறது என்றால் ஒரு பெட்டி போதும். பன்னிரண்டு துண்டுச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். மீதியும் கலப்பு பின்னமும் தொடங்கிவிட்டால், ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளாக வாங்குங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளில் முழுப் பட்டையின் நீளம் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் குய்செனேர் கோல்களை வாங்கி, பக்கத்தில் உட்கார நேரம் ஒதுக்குங்கள்.

தயாரிப்பாளர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து, பத்து, பன்னிரண்டு ஆகிய பங்குகளை எடுத்துவிட்டால் ஒரு தொகுதியில் மிஞ்சுபவை 1, 2, 3, 4, 6, 8 என்று மொத்தம் 24 துண்டுகள். அதையே இரண்டு தொகுதிகளாகக் கொடுத்தால் 48. மேலும் மூன்று முழுப் பட்டைகளைச் சேர்த்தால் அதே 51. முழுப் பட்டைகள் ஐந்து, கால்கள் எட்டு, எட்டில் ஒன்றுகள் பதினாறு என்று கிடைக்கும். 5¼ − 2¾ என்ற கணக்கைக்கூட, ஒரு முழுமைக்கு ஈடாக நான்கு கால்களை வைத்துச் செய்துவிடலாம். மேலே இரண்டு பெட்டிகளை வைத்துச் செய்த பட்டைக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் செய்துவிடலாம். பிளாஸ்டிக் மட்டும் ஒன்பது முழு நீளங்களுக்குப் பதிலாகப் பதினைந்து முழு நீளங்களுக்குத் தேவைப்படும். பட்டையின் அகலத்தைச் சற்றுக் குறைத்தால் அதையும் ஈடுகட்டிவிடலாம்.